இன்னும் கொஞ்சம் மேல

பஸ் டிப்போவின் பின்பக்கத்து ஷெட்டில், என்ஜினைத் தூக்கி இறக்கும் சங்கிலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சங்கிலி தொங்கும். அதன் நுனியில் ஒரு வலைப்பை. பைக்குள் தோல் உரிந்த ஒரு வாலிபால். வேலைக்குப் புதிதாக வரும் டிரைவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எந்த வண்டிக்குண்ணே?" என்று கேட்பார்கள். மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "என் பெரிய பொண்ணு ஏறிப் போகப்போற வண்டிக்கு" என்பார். கேட்டவன் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

பெரியவள் ஓடிவந்து குதித்து அந்தப் பந்தை உள்ளங்கை பதிய அறைந்துவிட்டால், மெக்கானிக் சங்கிலியை ஒரு கண்ணி ஏற்றிக் கட்டுவார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பயிற்சி. அப்படிக் கண்ணி கண்ணியாக ஏறித்தான் அவள் பள்ளிக்கூடத்திலேயே உயரமாகக் குதிக்கிறவள் ஆனாள். பிறவியிலேயே வளர்த்தியும் உண்டு. தெருவில், பள்ளியில், டிப்போவில் எல்லோருக்கும் அவள் நெட்டை. கூப்பிட்டால் கோபம் வராது, திரும்பிப் பார்ப்பாள்.

சின்னவள் பொடிசு. அக்காவின் தோள் வரைக்கும்தான் வருவாள். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து அக்கா ஒரு வருஷம் படுத்துவிட்டதால் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. பொடிசின் வேலை பந்து தூக்கிக் கொடுப்பது. தனக்கு வருகிற பந்தைப் பத்து விரல் நுனியில் வாங்கி, வலைக்கு மேலே அக்காவின் கை வந்து சேரும் இடத்துக்கு அனுப்புவது. அவளுக்கு வாலிபால் பிடிக்குமா என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. சமையலறையில் உப்பு டப்பாவிடம் யாராவது கேட்கிறார்களா?

பந்தைத் தூக்கிக் கொடுத்ததும் அவள் ஒரு வார்த்தை கேட்பாள். "எப்படி?" அடித்து இறங்கிய நெட்டை திரும்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மேல" என்பாள். சரி என்று சொன்னதே இல்லை. மேலே போனால் இன்னும் மேலே. ஒருநாள் வேண்டுமென்றே ஷெட்டுக் கூரையில் போய் இடிக்கிற மாதிரி தூக்கிவிட்டுப் பொடிசு "எப்படி?" என்று கேட்டாள். நெட்டை கூரையைப் பார்த்தாள். "கூரையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லு அப்பாகிட்ட" என்றாள். இரண்டு பேரும் கிரீஸ் டின்மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நெட்டைக்கு ஒரு கல்லூரி இருந்தது. வாலிபாலுக்கென்றே பேர் போன கல்லூரி. டீமில் எடுத்துக்கொண்டால் படிப்பும் இலவசம், தங்குவதும் இலவசம். இந்த வருஷம் ஒரே ஒரு இடம்தான் காலி என்று பி.டி. டீச்சர் விசாரித்துக்கொண்டு வந்து சொல்லியிருந்தாள். அந்தக் கல்லூரியின் கோச்சே நேரில் வந்து மேட்ச் பார்ப்பாளாம்.

அது கிடைக்காவிட்டால் என்ன என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, அந்தப் பக்கம் வருவதை இழுத்து மடிக்க வேண்டும். அம்மாவின் முழங்கைக்குக் கீழே சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள், பழையதின்மேல் புதியது. ஒருநாள் சூப்பர்வைசர் நெட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல வளர்த்தியா இருக்காளே, விரிப்பு மடிக்க ரெண்டு ஆள் வேலையை இவ ஒருத்தியே பார்ப்பா" என்று சொல்லியிருந்தார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நெட்டை அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

இப்படி எல்லாம் ஒரு காலை நம்பி இருக்கும்போது அந்தக் கால் கைவிட்டது.

பள்ளி மைதானத்தில் ஒரு சாயங்காலப் பயிற்சி. நெட்டை அடித்துவிட்டு இறங்கியபோது கோட்டோரம் மண் சரிந்து வலது முட்டி உள்பக்கமாக மடங்கியது. விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பக்கத்தில் நின்ற பொடிசுக்கு மட்டும் கேட்டது. மறுநாள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் விரிப்போடு சேர்ந்து சலவைக் கூடத்துக்குப் போய்விடும் என்று, இரண்டு பேரும் பஸ் ஏறி வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எலும்பு டாக்டர் முட்டியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். "ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கும்மா. இப்போ ஓய்வு கொடுத்தா கூடிடும். அடுத்த வருஷம் விளையாடலாம். கேக்காம குதிச்சு முழுசா அறுந்துச்சுன்னா, அப்புறம் நடக்கறதுக்குத்தான் நான் வைத்தியம் பார்ப்பேன். ஆட்டத்துக்கு இல்ல."

"அடுத்த வருஷமா?" என்று கேட்டாள் நெட்டை. அடுத்த வருஷம் அவள் பள்ளியிலேயே இருக்க மாட்டாள். எந்தக் கோச் எந்தச் சலவைக் கூடத்துக்கு வந்து பார்க்கப்போகிறாள்?

வெளியே வந்ததும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு மேட்ச் மட்டும்டி. அதுவரைக்கும் தாங்கும். எடுத்துக்கிட்டாங்கன்னா கல்லூரியிலயே டாக்டர் இருக்காங்க, அவங்க பார்த்துப்பாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அம்மா மேல சத்தியம் பண்ணு."

"அக்கா, டாக்டர்தான்..."

"பண்ணுடி."

பொடிசு பண்ணினாள். அன்றிலிருந்து நெட்டை மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒருபக்கமாகத் திரும்பி, நண்டு இறங்குவதுபோல் இறங்குவாள். அம்மா பார்த்து ஏன் என்று கேட்டால், "மகாராணிங்க இப்படித்தாம்மா இறங்குவாங்க" என்பாள். அம்மா சிரித்துக்கொண்டே போவாள். பொடிசு அக்காவின் முட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கோச் வந்த நாள் நல்ல வெயில். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தாள், கழுத்தில் விசில். பார்வையாளர் படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒருபக்கமாகத் திரும்பி ஏறினாள். பொடிசு அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தவுடனே தெரிந்தது, இவளுக்கும் முட்டிதான். சட்டென்று அக்காவைத் தேடினாள். நெட்டை முட்டிக்கு மேல் இறுக்கமான உறையை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஷூ நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் லீவு போட்டுவிட்டு டிப்போ ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். துவைத்த சட்டை, நகக்கண்ணில் மட்டும் கிரீஸ்.

முதல் பந்தைப் பொடிசு எப்போதும்போல் உயரமாகத்தான் தூக்கினாள். நெட்டை எழும்பி அடித்தாள். எதிர்ப்பக்கம் இரண்டு பேருக்கு நடுவில் பந்து மண்ணைக் கிளப்பியது. டிப்போ ஆட்கள் விசிலடித்தார்கள். ஆனால் நெட்டை ஒற்றைக் காலில் இறங்கினாள். இறங்கிய நொடியில் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்து, திரும்ப வந்தது. "எப்படி?" என்று பொடிசு கேட்டபோது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மேல" என்றாள்.

அதற்கப்புறம் பொடிசின் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. மேலே போக வேண்டிய பந்து கீழேயே நின்றது. நின்ற இடத்திலிருந்து லேசாகத் தட்டிவிட்டால் போதும், குதிக்கத் தேவையில்லை என்கிற உயரம். அடுத்த பந்து இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு. அதற்கடுத்தது பின்னால் நிற்பவளுக்கு. எதிர் டீமோ நெட்டைக்குப் பயந்து அவளுக்கு எதிரேயே மூன்று பேராகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மற்ற இடமெல்லாம் திறந்த கதவு. பொடிசு அக்காவைப் பார்த்துக்கொண்டே பந்தை வேறு பக்கம் தள்ளினாள். ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று பேரும் ஏமாந்தார்கள். புள்ளி மேல் புள்ளியாக விழுந்தது.

"மேல கொடுடி!" என்று நெட்டை கத்தினாள். "என்னடி பண்றே நீ?"

பொடிசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னாளில் அவளை அரித்தது அதுதான். அவளுக்கு அது பிடித்திருந்தது. யாருக்கும் தெரியாமல் ஆறு பேரைத் தன் பத்து விரலால் அங்கேயும் இங்கேயும் ஓடவிடுவது பிடித்திருந்தது. அக்காவின் முட்டிக்காகத்தான் ஆரம்பித்தாள். நடுவில் எந்தப் பந்திலிருந்து முட்டி மறந்துபோனது என்று அவளாலேயே சொல்ல முடியாது.

ஜெயித்தார்கள். கோச் படியிறங்கி வந்து பி.டி. டீச்சரிடம் பேசினாள். டீச்சரின் முகம் மலர்ந்து, அப்புறம் குழம்பி, அப்புறம் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தது.

ஷூவும் வலையும் போட்டுவைக்கும் சாமான் அறைக்கு வந்து டீச்சர்தான் சொன்னாள். "கோச் நெட்டையைப் பார்க்கத்தான் வந்தாங்களாம். ஆனா அடிச்ச மாதிரியே தெரியலையாம். அந்த இடத்துக்கு..." எச்சிலை விழுங்கினாள். "அந்தத் தூக்கிக் கொடுக்கற சின்னப் பொண்ணு போதும்னு சொல்றாங்க."

ஓடிவந்திருந்த மெக்கானிக் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நெட்டை மெதுவாக எழுந்தாள். "திருடி" என்றாள்.

"அக்கா, நான் உனக்காகத்தான்..."

"எனக்காகவா? ஒரு பந்து கொடுத்தியாடி ஒழுங்கா? நாய்க்குப் பிஸ்கட் போடற மாதிரி போட்டியே!"

மெக்கானிக் அறைக்குள் வந்தார். குரல் உடைந்து வந்தது. "எத்தனை வருஷம்டி அந்தச் சங்கிலியை ஏத்தினேன். கூடப்பிறந்தவளுக்கே குழி பறிச்சிட்டியே. இப்படி ஒரு ஆசை இருந்தா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

பொடிசு அக்காவைப் பார்த்தாள். நீயே சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சத்தியம் அவளைத்தான் கட்டியிருந்தது, அக்காவை இல்லை. நெட்டை தலையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொண்டு, ஒருபக்கமாக இல்லாமல் நேராக, வலியை மென்று விழுங்கிக்கொண்டு, படியிறங்கி மைதானத்துக்குப் போனாள்.

கோச் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். நெட்டை எதிரில் போய் நின்றாள். "மேடம், எனக்கு ஒரே ஒரு பந்து. உயரமா ஒண்ணு கொடுக்கச் சொல்லுங்க. நான் அடிக்கறதைப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

கோச் அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். பார்வை முட்டி உறையில் வந்து நின்றது. "கால்ல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா, பழக்கம்."

கோச்சுக்கு அது போதவில்லை. பின்னாலேயே வந்து நின்ற பொடிசின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. உன் அக்கா காலு நல்லாயிருக்கா?"

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் இப்போது அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இடத்தைத் தட்டிப் பறித்தவள், கடைசி வழியையும் அடைக்கிறாள் என்பார்கள். அப்பா வேறு பக்கத்திலேயே நிற்கிறார். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமைக்காமல். ஆட்டத்தில் அவளுக்கு வந்த அந்தச் சந்தோஷம் வேறு உள்ளே உட்கார்ந்துகொண்டு, நீ எதற்குத் தடுக்கிறாய் என்று உனக்கே தெரியுமா என்று கேட்டது.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள்.

"அப்போ நீயே தூக்கிக் கொடு."

பி.டி. டீச்சர் பந்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஆட்டம் முடிந்து கலைந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நெட்டை நாலெட்டு பின்னால் போய் நின்றாள். பொடிசு வலையோரம் நின்றாள். டீச்சர் வீசிய பந்து மெதுவாக வந்தது. கீழே தூக்கினால் திருடி என்பது உறுதியாகிவிடும். மேலே தூக்கினால்... அதை அவள் யோசித்து முடிப்பதற்குள் பந்து விரலுக்கு வந்துவிட்டது. விரல் அதற்குத் தெரிந்ததைச் செய்தது.

அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல பந்து தூக்கியதில்லை. சுழலாமல், ஆடாமல் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்றது. அந்த நொடியில் நெட்டை அங்கே இருந்தாள். இடுப்பு வரைக்கும் வலைக்கு மேலே தெரிகிற மாதிரி இருந்தது. அறைந்த சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. டிப்போ ஆட்கள் "அப்பாடி!" என்றார்கள். கோச்சின் வாயிலிருந்த விசில் நழுவிக் கழுத்தில் தொங்கியது.

பிறகு நெட்டை இறங்கினாள்.

இந்தத் தடவை சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆனால் என்ன சத்தமென்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். கோச் தன் காலை இழுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். "யாரும் தூக்காதீங்க! காலைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நெட்டை மண்ணில் கிடந்தாள். முட்டி, முட்டி இருக்க வேண்டிய பக்கம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவள் அலறவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

பொடிசு பக்கத்தில் போய் மண்டி போட்டாள். எத்தனையோ வருஷத்துப் பழக்கம், நாக்கு தானாகவே புரண்டது.

"எப்படி?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டது காதில் விழுந்ததும் செத்துப்போகலாம் போலிருந்தது. சுற்றி நின்றவர்கள் அவளைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். நெட்டை கண்ணைத் திறந்தாள்.

"சரியா இருந்துச்சுடி" என்றாள்.

கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரி அம்மாவின் ஆஸ்பத்திரிதான். அக்காவைப் படுக்கவைத்திருந்த விரிப்பு அம்மா அன்று காலையில் உருளையில் கொடுத்து இழுத்ததாக இருக்கலாம். கூடத்திலிருந்து அப்படியே ஓடிவந்த அம்மாவின் கை இன்னும் சூடாக இருந்தது. எலும்பு டாக்டர் வேறொருவர், சொன்னது அதே பேச்சு. நடக்கலாம், நடப்பதற்கு வைத்தியம் பார்ப்போம் என்றார். பழைய கிழிசல் இருந்திருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா என்றும் கேட்டார்.

அம்மா சின்னவளைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

பொடிசு தலையாட்டினாள். "உன் மேல சத்தியம் வாங்கினாம்மா."

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை. அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக்தான் எழுந்து வந்தார். கீழே தூக்கிக் குழி பறித்தாள் என்று காலையில் பேசிய அதே வாய். "தெரிஞ்சுமா அவ்வளவு மேல தூக்கினே? கொஞ்சம் கீழ தூக்கியிருந்தா என்னடி? கை உடைஞ்சா போயிருக்கும்?"

"அப்பா" என்றாள் கட்டிலில் இருந்தவள். மருந்து மயக்கத்தில் வார்த்தை குழறியது. "பந்து சரியா இருந்துச்சு. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அன்பில் சொன்னாளா, பந்தை அடித்தவள் என்கிற முறையில் சொன்னாளா என்று பொடிசுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அக்கா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்ச் சங்கிலியை அவிழ்த்தார். அவிழ்த்ததை என்ன செய்வது என்று தெரியாமல் பழைய டயருக்குள் போட்டுவைத்தார். நெட்டை ஊன்றுகோலை விட்டதும் சலவைக் கூடத்துக்குப் போனாள். சூப்பர்வைசர் சொன்னது சரிதான், உயரம் விரிப்பு மடிக்க வசதியாகத்தான் இருந்தது. இடது காலில் பாரத்தைப் போட்டு நின்று மடித்தாள்.

பொடிசு கல்லூரிக்குப் போனாள். போகமாட்டேன் என்று அழுதவளை நெட்டைதான் நொண்டி நொண்டி வந்து பஸ் ஏற்றிவிட்டாள். இரண்டு பேரில் ஒருத்தியாவது போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. "பையை மடியில வச்சுக்க" என்று மட்டும் சொன்னாள்.

கல்லூரியில் நல்ல தரை, நல்ல வலை, நல்ல ஷூ. அடிக்கிற பெண்கள் எல்லோருமே நெட்டை மாதிரி உயரம். பொடிசு தூக்கிக் கொடுத்தாள். எல்லாமே கீழே நின்றன. எவ்வளவு முயன்றாலும், அந்த உயரத்துக்குப் போகிற கடைசித் தள்ளலைக் கை கொடுக்க மறுத்தது. யாராவது எழும்பினால் அவள் பந்தைப் பார்க்காமல் அவர்கள் கால் இறங்குவதைப் பார்த்தாள். கோச் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "இப்படியே போனா உன்னை வச்சிருக்க முடியாதும்மா" என்றாள். திட்டுகிற குரலில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பொடிசு அக்காவுக்குப் போன் பண்ணினாள். நெட்டை சலவைக் கூடத்தில் இருந்தாள். பின்னால் உருளை ஓடும் சத்தம் கேட்டது.

"என்னடி, எப்படி இருக்கு ஆட்டம்?"

"இருக்கு."

"அடிக்கறவங்க என்ன சொல்றாங்க?"

பொடிசு போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அப்புறம், "எல்லாரும் ஒண்ணையேதான்க்கா சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் மேலன்னு" என்றாள்.

அந்தப் பக்கம் உருளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டாளோ என்று பொடிசு நினைத்தாள்.

"தூக்கேன்டி" என்றாள் நெட்டை. அவள் குரல் அப்படிப் பிசிறடித்துப் பொடிசு கேட்டதே இல்லை. "எனக்குத் தூக்கினே இல்ல? தூக்கிக் குடு." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். விரிப்பு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.